காத்திருக்க முடியாத வியாபாரம்

2030-ஐ ஒட்டி அனைத்துலக விண்வெளி நிலையத்தைப் பசிபிக் கடலில் விழவைப்பது என்று நாசா முடிவு செய்துவிட்டது. அதற்கான விண்கலத்தைச் செய்து தர ஸ்பேஸ்எக்ஸுக்கு 2024 ஜூனில் 84.3 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தமும் கொடுத்தாகிவிட்டது. இனிமேல் நிலையங்களைத் தனியார் கட்டுவார்கள், நாசா அங்கே இடம் எடுத்துக்கொள்ளும் என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பேராக்கின் ஈயச் சுரங்கப் பகுதியான கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஏதோ இடிக்கும்.

ஈயத்தின் விலை விழாமல் காக்க ஒரு காலத்தில் அனைத்துலக ஈய மன்றம் இருந்தது. 22 நாடுகள் அதில் உறுப்பினர். விலை இறங்கினால் மன்றமே சந்தைக்குப் போய் வாங்கிக் குவிக்கும். பான டப்பாக்கள் அலுமினியத்துக்கு மாறின. மன்றத்தில் சேராத பிரேசில் ஈயத்தைக் கொண்டுவந்து கொட்டியது. மன்றம் கடன் வாங்கியாவது வாங்கிக்கொண்டே இருந்தது. 1985 அக்டோபர் 24 அன்று கையில் காசில்லை என்று சொல்லிவிட்டது. லண்டன் சந்தையில் ஈய வணிகம் நின்றது, விலை ஏறக்குறைய பாதியானது, ஈப்போவைச் சுற்றியிருந்த லம்பங்கள் என்ற ஈயச் சுரங்கங்கள் வரிசையாக மூடின. நிலத்தடியில் ஈயம் தீர்ந்துபோய் அவை மூடவில்லை. சந்தையைத் தாங்கிப் பிடித்திருந்த ஒரே கை விலகியதால் மூடின.

விண்வெளி நிலையத் தொழிலில் அந்தக் கை நாசா. 2021 டிசம்பரில் அது மூன்று அணிகளுக்குப் பணம் கொடுத்தது: நானோராக்ஸுக்கு 16 கோடி டாலர், புளூ ஆரிஜினுக்கு 13 கோடி, நார்த்ரப் குரூமனுக்கு 12.56 கோடி. அதற்கு முன்பே, தன் நிலையத்தோடு கூடங்களை இணைத்துக்கொள்ள ஆக்சியம் நிறுவனத்துக்கு வழிவிட்டிருந்தது. 2023-இல் நார்த்ரப் தன் நிலையத்தைக் கைவிட்டு நானோராக்ஸ் அணியின் ஸ்டார்லேபோடு சேர்ந்துகொண்டது. ஆயுதமும் ராக்கெட்டும் செய்து பழுத்த நிறுவனம் அது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விலகியிருக்கும். 2025 ஆகஸ்டில் நாசா தன் தேவையையே திருத்தியது. எப்போதும் ஆள் இருக்கும் நிலையம் வேண்டும் என்றிருந்தது, நான்கு பேர் ஒரு மாதம் தங்கினால் போதும் என்று சுருங்கியது. வாங்குகிறவர் ஒருவரே என்றால் அவர் மனம் மாறும்போதெல்லாம் வரைபடத்தையும் மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்துக்கு எந்த வங்கி இருபதாண்டுக் கடன் கொடுக்கும்?

மற்ற வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்கிறார்கள். மருந்து நிறுவனங்கள், கண்ணாடி இழை செய்வோர், சுற்றுலாப் பயணிகள். இங்கே விலையைப் பார்க்க வேண்டும். தனியார் வேலைக்கு விண்வெளி வீரரின் ஒரு மணி நேரத்தை 2019-இல் நாசா 17,500 டாலருக்குக் கொடுத்தது. 2021-இல் உண்மைச் செலவை ஒட்டி விலையைத் திருத்தியபோது அது 1,30,000 டாலர் ஆனது. ஒரு கிலோ சரக்கை மேலே கொண்டுபோகும் கட்டணம் 3,000-லிருந்து 20,000 டாலருக்கு ஏறியது. இத்தனை ஆண்டுகளாக ‘விண்வெளிச் சந்தை’ என்று பேசப்பட்டதில் பெரும்பகுதி அமெரிக்க வரிப்பணத்தின் தள்ளுபடி விற்பனைதான். எடையற்ற சூழல் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு நிலையமே தேவையில்லை என்பதையும் வார்டா நிறுவனம் காட்டிவிட்டது. 2023-இல் அது அனுப்பிய சிறு கலம் ஆளில்லாமலே மருந்துப் படிகம் வளர்த்து, 2024 பிப்ரவரியில் யூட்டா பாலைவனத்தில் வந்து இறங்கியது.

நம்பிக்கையாளர்களுக்கு ஆதரவாக நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 1877-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டபோது அந்தப் பாலை வாங்க இங்கே ஆளில்லை. ஏறக்குறைய இருபதாண்டு அவை வேடிக்கைப் பொருளாகவே நின்றன. காபித் தோட்டக்காரர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு சைக்கிள் டயர் வந்தது, மோட்டார் வண்டி வந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை தோட்டங்கள் முளைத்தன. விண்வெளிக்கும் ஒரு டயர் வரும், பொறுங்கள் என்கிறார்கள்.

வரலாம். ஆனால் ரப்பர் மரத்துக்குச் சும்மா நிற்கச் செலவில்லை, மழையே போதும். விண்வெளி நிலையத்தால் சும்மா நிற்க முடியாது. நானூறு கிலோமீட்டர் உயரத்திலும் மெல்லிய காற்று உரசி அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்; எரிபொருள் கொண்டுபோய் அவ்வப்போது மேலே தள்ள வேண்டும். ஆள் இருந்தால் தண்ணீர், உணவு, மாற்று உதிரிகள், அவசரத்துக்குத் தப்பிவர ஒரு கலம். இப்போதைய நிலையத்தை நடத்தப் போக்குவரத்தையும் சேர்த்து நாசாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் ஆகிறது. தனியார் சிக்கனமாகவே நடத்தட்டும். வாடிக்கையாளர் வரத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் முதல் கரையும்.

காத்திருந்து கரைந்தவர்கள் உண்டு. 2000-இல் மிர்கார்ப் என்ற நிறுவனம் ரஷ்யாவின் மிர் நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்து, தன் செலவில் இரு வீரர்களையும் அனுப்பியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மிர் கடலுக்குப் போனது. ஓட்டல் தொழிலில் சம்பாதித்த ராபர்ட் பிகலோ ஊதி விரிக்கும் கூடங்களைச் செய்தார். 2006, 2007-இல் இரண்டு சோதனைக் கூடங்களைப் பறக்கவிட்டார். மூன்றாவது, 2016 முதல் அனைத்துலக நிலையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருளில் குறையில்லை. 2020 மார்ச்சில் ஊழியர் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வாடிக்கையாளரைத் தானே உண்டாக்கிக்கொண்ட விண்வெளித் தொழில் ஒன்று பேராக் தோட்டப்புறத்துக்கு நன்றாகத் தெரியும். பழைய லயத்து வீடுகளின் தகரக் கூரையில் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு மேற்கே சற்றுச் சாய்ந்து கிட்டத்தட்ட வானத்தையே பார்த்துக் கிடக்கும். மீசாட் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே, 91.5 பாகை கிழக்கில் நிற்பதால் அப்படி. பெருமழை பிடித்தால் வானவில் அலைவரிசையில் படம் நின்றுபோகும். திட்டிக்கொண்டே மாதக் கட்டணம் கட்டினோம். பிரிக்பீல்ட்ஸ் தமிழரான ஆனந்த கிருஷ்ணன் 1996 ஜனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோளை ஏவினார். அதே ஆண்டில் ஆஸ்ட்ரோவையும் தொடங்கினார். செயற்கைக்கோளின் அலைவரிசையை வாங்க யாராவது வருவார்களா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அரசு தயவும் இருந்தது, மறைக்க வேண்டாம்: 2017 வரை செயற்கைக்கோள் கட்டணத் தொலைக்காட்சி ஆஸ்ட்ரோவுக்கே என்று தனியுரிமை கிடைத்தது. ஆனாலும் மாதாமாதம் பணம் கட்டியது லட்சக்கணக்கான வீடுகள், ஓர் அமைச்சு அல்ல. ஆக்சியத்திடமோ ஸ்டார்லேபிடமோ அப்படிக் கட்டப்போகும் வீடுகள் எவை?

இப்போதைக்கு அரசுகள்தான். 2022-இல் ஆக்சியம் அழைத்துப்போன முதல் குழுவில் ஆளுக்கு 5.5 கோடி டாலர் கட்டிய செல்வந்தர்கள் மூவர். 2025 ஜூனில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா போன நான்காவது பயணத்தில் இருக்கைக்குப் பணம் கட்டியவை இந்திய, போலந்து, ஹங்கேரி அரசுகள். இந்தியாவின் பங்கு சுமார் 550 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. 2035-இல் சொந்த நிலையம் என்று இலக்கு வைத்திருக்கும் இந்தியாவுக்கு அது பயிற்சிச் செலவு; இரண்டாம் முறை, மூன்றாம் முறை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. மலேசியாவும் அப்படி ஒரு முறை வாங்கிய நாடுதான். 18 சுக்கோய் போர் விமானங்களை வாங்கியதற்கு ஈடாகக் கிடைத்த இருக்கையில் 2007 அக்டோபரில் ஷேக் முஸாபர் போய் வந்தார். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த திட்டம் அது. அவருக்குப் பின் இன்னொரு மலேசியர் போகவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் இந்த நிறுவனங்களின் விற்பனையாளர்கள் புத்ராஜெயாவுக்கும் வருவார்கள். கொடி, பெருமிதம், பள்ளிப் பிள்ளைகளுக்கு உற்சாகம் எல்லாம் சொல்வார்கள். முன்பணம் கட்டக் கூடாது. நிலையம் மேலே போய் ஆளோடு ஓராண்டு ஓடட்டும். அப்போதும் இருக்கையை வாங்குவதைவிட, நம் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு நேரத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பல ஆண்டுகளுக்கு வாங்குவதே உருப்படியான செலவு. பேரம் பேச நமக்குப் பிடியும் இருக்கிறது. சீனாவின் தியான்கோங் 2022-இலேயே கட்டி முடிக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஐ.நா. வழியாக அது தேர்ந்தெடுத்த பிற நாடுகளின் ஆய்வுகளுக்கு இடத்துக்குக் கட்டணமே கேட்கவில்லை. தனியார் நிலையம் தன் விலைப்பட்டியலை அதற்குப் பக்கத்தில்தான் விரித்துவைக்க வேண்டியிருக்கும்.