திட்டுங்க... விலை ஏறும்!

ஒரு புத்தகத்தை 'விஷம்'னு திட்டித் தீர்த்து, குவிச்சுப் போட்டு எரிச்சா என்ன ஆகும்? பல வருஷம் கழிச்சு அதோட விலை எகிறும்! நம்பிக்கை இல்லையா பாஸ்? வாங்க, 1942-ம் வருஷ அமெரிக்காவுக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.

அந்த வருஷம்தான் 'க்ரைம் டஸ் நாட் பே' காமிக்ஸ் வந்தது. விலை பத்து சென்ட். நிஜக் கொலைகாரர்கள், நிஜக் கொள்ளைக்காரர்களோட கதைகள். 'தப்பு பண்ணினா உருப்பட மாட்டே'னு தலைப்புல அட்வைஸ்... உள்ளே துப்பாக்கியும் ரத்தமும்! சேகரிக்க ஆசைப்படுறவங்க ஒண்ணை நோட் பண்ணிக்கங்க. இதோட முதல் இதழ் நம்பர் 1 இல்லை, 22! 'சில்வர் ஸ்ட்ரீக்' என்ற காமிக்ஸோட பேரை மாத்திட்டு, எண்ணை மட்டும் அப்படியே தொடர்ந்துட்டாங்க.

எதிர்ப்பும் பலமா கிளம்புச்சு. 1948-ல் பிங்காம்டன் நகரத்துல பள்ளிப் பசங்களே காமிக்ஸ்களைக் குவிச்சு எரிச்சாங்க. 1954-ல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம், 'சிறுவர்களைக் கெடுப்பது இதுதான்'னு ஒரு புத்தகமே எழுதினார். செனட் விசாரணை நடந்தது. பதிப்பாளர்கள் பயந்துபோய் தங்களுக்குத் தாங்களே விதிமுறை போட்டுக்கிட்டாங்க. அட்டையில 'க்ரைம்'ங்கிற வார்த்தை, தலைப்போட மத்த வார்த்தைகளைவிடப் பெருசா இருக்கக் கூடாதுன்னுகூட ஒரு விதி! 1955-ல் 'க்ரைம் டஸ் நாட் பே'க்கு மூடுவிழா.

இங்கேதான் ட்விஸ்ட். 'இதைப் பாருங்க அக்கிரமத்தை'னு வெர்தாம் தன் புத்தகத்துல எடுத்துப் போட்ட படங்கள்ல ஒண்ணு, 1947-ல் வந்த 'ட்ரூ க்ரைம் காமிக்ஸ்' 2-ம் இதழ்ல ஜாக் கோல் வரைஞ்சது. ஒரு பெண்ணோட கண்ணுக்கு நேரா ஊசி! இன்னிக்கு அந்த இதழுக்குத்தான் சேகரிப்பாளர்கள் மத்தியில அடிதடி. வெர்தாம் குத்தின கரும்புள்ளி, இப்போ ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி ஆகிப்போச்சு!

மதிப்பு போடுறது எப்படி? 0.5-ல் இருந்து 10 வரை மார்க். முதுகுல மடிப்பு, ஸ்டேபிள்ல துரு, பழுப்பேறின தாள்... எல்லாத்துக்கும் மார்க் கட். 'கிழிஞ்சிருக்கே'னு செலோடேப் ஒட்டினீங்க... செத்தீங்க! கலர் அடிச்சு புதுசாக்கினாலும் விலை இறங்கும்.

கடைசியா ஒரு விஷயம். 'க்ரைம் டஸ் நாட் பே'யை நடத்தின ரெண்டு எடிட்டர்கள்ல ஒருத்தர் பாப் வுட். 1958-ல் நியூயார்க் ஹோட்டல் அறையில ஒரு பெண்ணை அடிச்சே கொன்னுட்டு ஜெயிலுக்குப் போனார். இதைப் படிச்சதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை. ஸ்டேபிள் துருவுக்குக்கூட மார்க் போடுறோம். அந்தப் பக்கங்களுக்குள்ள நிஜமாவே செத்துப்போனவங்க கணக்கு எதுலயும் வர்றதில்லை.

எரிக்கச் சொல்லலை ஃப்ரெண்ட்ஸ். பத்திரமா வெச்சுக்கங்க. ஆனா, பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு மூடுறதுக்கு முன்னால ஒரு தடவை... உள்ளே இருக்கிற கதையையும் படிச்சிடுங்க!