செய்திக்கும் சுழிப்பிழை உண்டு

மாணவ நண்பர்களே, ஆய்வகத்தில் திருகு அளவியை எடுத்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். செய்தி படிக்கும்போதும் அப்படிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சிநெட் என்பது அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பச் செய்தித் தளம். 2008-ல் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் 180 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2013 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுப் பொருட்காட்சியில் சிறந்த கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிநெட்டிடம் இருந்தது. அதன் ஆசிரியர் குழு டிஷ் நிறுவனத்தின் ‘ஹாப்பர்’ பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுத்தது. பதிவு செய்த நிகழ்ச்சிகளில் விளம்பரங்களைத் தாண்டிச் செல்லும் வசதி டிஷ் நிறுவனத்தின் ஹாப்பரில் இருந்தது. விளம்பரமோ சி.பி.எஸ்ஸின் வருவாய்! அது டிஷ் மீது வழக்கும் தொடுத்திருந்தது. எனவே தேர்வை மாற்றச் சொன்னது, சிநெட்டும் மாற்றியது. மனம் பொறாத நிருபர் ஒருவர் பதவி விலகினார். காட்சியை நடத்திய சங்கமோ ஹாப்பருக்கும் பரிசு அளித்து, சிநெட்டுடன் உறவை முறித்துக்கொண்டது.

அப்படியானால் தாய் நிறுவனத்தை விட்டுப் பிரிந்தால் போதுமா? 2020-ல் பிரிவும் நடந்தது. ரெட் வென்ச்சர்ஸ் என்ற விற்பனை விளம்பர நிறுவனம் 50 கோடி டாலருக்கு சிநெட்டை வாங்கியது. கடன் அட்டை போன்றவற்றை வாசகர்கள் பெறும்போது கிடைக்கும் தரகுப் பணம் அதன் வருவாய்களுள் ஒன்று. பணத்தைப் பற்றிய கட்டுரைகளைக் கணினியே எழுதத் தொடங்கியது. 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்றது ஒரு கட்டுரை. நீங்களே கணக்கிடுங்கள், வட்டி 300 டாலர்தானே! 2023-ல் குட்டு வெளிப்பட்டது. 77 கட்டுரைகளில் 41-ஐத் திருத்த நேர்ந்தது. 2024-ல் சிநெட் மீண்டும் கைமாறி, சிஃப் டேவிஸ் நிறுவனத்திடம் சென்றது.

பிரிவு நல்லதுதான். ஆனால் உரிமையாளர் மாறினால் பிழையின் திசைதான் மாறும், பிழை மறையாது. ஆசிரியர் குழுவின் முடிவில் உரிமையாளர் தலையிடக் கூடாது என்ற விதி வேண்டும். யாருடைய பணத்தில் செய்தி வருகிறது என்பதை வாசகரிடம் மறைக்காமல் சொல்லவும் வேண்டும்.

சுழிப்பிழை உள்ள அளவியை நாம் தூக்கி எறிவதில்லை. பிழையின் அளவை அறிந்து, திருத்தம் செய்து பயன்படுத்துகிறோம். அடுத்த முறை ஒரு கருவியைப் பற்றிய மதிப்புரையைப் படிக்கும்போது, அதை வெளியிட்டவர் யார், அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.