காருக்கும் நகை நட்டா!

கார்ப் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, தெரியுமோ? பெரம்பலூரில் இருக்கும் என் அக்கா மகனும் அவன் சிநேகிதர்களும் அதில் சேர்த்தி. பாலக்கரைப் பக்கம் டீ குடிக்க நின்றால் போதும், போகிற வருகிற காரையெல்லாம் ஒரு கை பார்த்துவிடுவார்கள். 1983-ல் வந்து 2014-ல் நின்றுபோன மாருதி 800 இருக்கிறதே, அதன் முதுகில் ரேஸ் காருக்கு வைக்கிற ஸ்பாய்லர் பலகையைப் பார்த்துவிட்டால், "டேய், துணி காயப்போட இடம் பண்ணியிருக்காங்கடா!" சைலன்சரை மாற்றிக்கொண்டு ஒரு வண்டி கடகடத்தால், "பாவம், வயிறு சரியில்லை, ஓமத்தண்ணி குடுங்கடா!"

"பலகை இருந்தால் என்னடா கெடுதல்?" என்று கேட்டேன்.

"கெடுதல் இல்லை சித்தி, பிரயோஜனமும் இல்லை. தலைதெறிக்கிற வேகத்திலே பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் காற்று அழுத்திப் பிடிக்கத்தான் அது. மாருதியை இழுக்கிறதே முன்சக்கரம். பல்லிக்கு இறக்கை வெச்ச கதைதான்!"

போன மாதம் அரியலூரில் என் நாத்தனார் மகளின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை புதுக் காரை ஜோடித்து வைத்திருந்தார் பாருங்கள், கல்யாணப் பெண் தோற்றாள்! முன்னால் பளபளவென்று இரும்புக் கம்பி, கண்ணாடியெல்லாம் கறுப்பு, உள்ளே சிவப்பு ரெக்ஸின் உறை. "அண்ணே, பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கீங்களா?" என்று பையன்கள் ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார், தங்கமான மனுஷன்.

உறையைப் பார்க்கக் கதவைத் திறந்த அக்கா மகன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டான். முன் சீட்டில் கதவுப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்ற சின்ன முத்திரை. அதற்கு மேலேயே இறுக்கித் தைத்த உறை! பக்கவாட்டில் இடி விழுந்தால் அந்தப் பை சீட்டைக் கிழித்துக்கொண்டு கண் இமைப்பதற்குள் விரிய வேண்டும். உறை தடுத்தால் எப்படி விரியும்?

முன்கம்பியும் அப்படித்தானாம். காரின் முன்பக்கம் நசுங்கித்தான் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். கம்பி அந்த அடியை நேரே வண்டியின் எலும்புக்கூட்டுக்கு அனுப்பிவிடுகிறது. எதிரே வரும் குழந்தையின் தலை உயரத்தில் வேறு நிற்கிறது. 2017 டிசம்பரிலேயே இதைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாயிற்று. கறுப்பு ஃபிலிமை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்தது. சுண்ணாம்புக்கல் லாரியும் புழுதியுமாக இருக்கிற அரியலூர் ரோட்டில், பொழுது சாய்ந்த பிறகு ஓரமாகப் போகிற சைக்கிள்காரர் கறுப்புக் கண்ணாடி வழியே தெரிவாரா, சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பகீரென்றது ஒரு சின்னக் கொண்டி. பெல்ட் போடாவிட்டால் கார் பீப் பீப் என்று கத்துமே, அதன் வாயை அடைக்கச் சொருகிவிடுவது. இணையத்தில் இதை விற்ற 5 கம்பெனிகளுக்கு 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. வெளியே தெரியாத சாமான், அதனால் யாரும் கேலி செய்வதும் இல்லை! பெல்ட் போட்டவரைத்தான் ஏர்பேக் காப்பாற்றும். போடாதவர் முன்னால் பாய்ந்து, விரிகிற பைமேலேயே மோதுவார்.

"அத்தை, பாப்பாவை மடியில் வெச்சுக்கிட்டு முன்னாடி உட்காரலாம்தானே?" என்றாள் பெண். கூடவே கூடாது! முன்பக்கப் பை விரிந்தால் பிஞ்சு உடம்பு தாங்குமா? பின்சீட்டில், வண்டியின் பின்பக்கம் பார்த்தாற்போல் மாட்டுகிற குழந்தை இருக்கையில்தான் கைக்குழந்தை போகவேண்டும்.

உறை வாங்கப் போகிறவர்கள், ஏர்பேக் இருக்கிற ஓரம் திறந்த மாதிரி தைத்தது உண்டா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் வெறும் சீட்டே போதும். அன்று மாப்பிள்ளை கத்தரிக்கோல் கேட்டு வாங்கிப்போய் உறையைத் தானே பிரித்துப் போட்டார். கம்பியைக் கழற்ற மட்டும் மனசு வரவில்லை. அதைப் பெண் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.