"விறகை எடுத்துக்கோ, கூலி கேக்காதே"

ஐப்பசி மழை தொடங்கறதுக்கு முன்னாடி எங்க பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "ஓட்டு மேல சாய்ஞ்ச வேப்பங்கிளையைக் கழிக்கணும், ஆள் இருக்கா?" ஆள் வந்து தொகையைச் சொன்னதும், "ரெண்டு கிளை வெட்ட இவ்வளவா? பகல் கொள்ளையா இருக்கே!"

பகல் கொள்ளைன்னு சொல்ற அண்ணன், அக்காமாருக்குத்தான் இதை எழுதுறேன்.

எங்க ஊரு நிலவரம் சொல்றேன். வீட்டுத் தென்னை ஒண்ணு ஏறி மட்டை கழிச்சு காய் இறக்க 100, 150 ரூபாய். தோப்புன்னா இதுல பாதிகூட வராது, ஏன்னா வரிசையா ஐம்பது மரம் ஏறலாம். உங்க வீட்டு ஒத்த மரத்துக்கு அவர் வேலைநேரத்தை விட்டுட்டு வரணும். பெரிய வேம்புன்னா மேல ஒருத்தர், கீழே கயிறு பிடிக்க ஒருத்தர்னு ரெண்டு ஆள், ஒரு நாள், 2500 ரூபாய்க்குக் குறையாது. மெஷின் ரம்பம்னா பெட்ரோலும் வாடகையும் தனி. கீழே ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தா இன்னும் ஏறும். வெட்டின கிளை தடால்னு விழக்கூடாதில்ல, ஒவ்வொண்ணையும் கயித்துல கட்டி இறக்கணும். கிளைக்குப் பக்கத்துல கரண்ட் கம்பி போனா ஈ.பி. ஆபீஸ்ல சொல்லி லைனை நிறுத்திட்டுத்தான் ஆளை ஏத்தணும். "பார்த்து வெட்டுப்பா"ன்னு கீழே நின்னு சொல்றது பாதுகாப்பு ஆகாது.

ஏசி மெக்கானிக் வந்து அரைமணி நேரம் தண்ணி பீய்ச்சிட்டுப் போனா கேட்ட காசை எண்ணி வைக்கிறோம். முப்பதடி உயரத்துல ஒரு கையால தொங்கிக்கிட்டு மறு கையால அருவாள் வீசுறவர்கிட்டதான் நம்ம பேரமெல்லாம். விழுந்து இடுப்பு ஒடிஞ்சா அந்த ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில?

பேரத்துல மோசமானது ஒண்ணு இருக்கு. "கூலியெல்லாம் வேண்டாம், விறகை நீயே எடுத்துக்கோ." இலவசமா வேலை முடிஞ்சிடுச்சுன்னு வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஓட்டை உரசுற சுள்ளியில அவருக்கு என்ன காசு வரும்? காசு இருக்கிறது தொடை பருமன் கிளையில. அவர் கை அங்கேதான் போகும். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கூலியை நீங்கதான் மரத்துக்குள்ள வச்சீங்க. சாயங்காலம் பார்த்தா வாசல்ல மொட்டைக் கம்பம் நிக்குது. வெயில் நேரா திண்ணைக்கு வருது.

அதோட முடியாது. மொட்டையடிச்ச வேம்பு வெட்டின இடத்தைச் சுத்திக் கொத்துக் கொத்தாத் துளிர்க்கும். பசுமையா இருக்கும், பார்க்க அழகுதான். ஆனா அந்தத் துளிருக்கு மரத்தோட உள்வைரத்துல பிடிப்பு இல்லை, மேல்பட்டையை ஒட்டித்தான் நிக்கும். நாலு வருஷத்துல கனமாகி, ஒரு ஆடிக்காத்துல பிச்சுக்கிட்டு ஓட்டு மேலயே விழும். அப்ப ஓட்டுக்கும் காசு, ஆளுக்கும் காசு.

விறகுக்கு எப்பவும் விலை இருக்கும்னு நினைக்கிறவங்க 2018 நவம்பர்ல கஜா புயல் முடிஞ்சதும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வந்திருக்கணும். சாஞ்ச தென்னைகளை சும்மா எடுத்துட்டுப் போங்கன்னாலும் ஆள் வரலை. காசு கொடுத்து அறுத்து அப்புறப்படுத்தினோம். மரத்தோட விலை வேற, வேலையோட விலை வேறங்கறது அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

வாசல்ல கார் நிக்கிற வீடுன்னா கூடக் கேக்கிற ஆளும் இருக்கார், இல்லைன்னு சொல்லலை. அதுக்குத்தான் முதல்லயே பேசணும். எந்தக் கிளைன்னு சுண்ணாம்பால கோடு போட்டுக் காட்டுங்க. பெரிய கிளைன்னா முதல்ல அடியில கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம் மேலே இருந்து அறுக்கச் சொல்லுங்க, பட்டை உரியாது. குப்பையை யார் அள்றதுன்னும் பேசிக்கோங்க. தழையை ஆட்டுக்காரங்களே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. விறகு உங்களுக்கே இருக்கட்டும், கூலியை ரொக்கமாக் கொடுங்க. பதினோரு மணிக்கு டீயும் வடையும் கூலியில சேராது, அது தனி.