பெயரை விடுங்கோ, பெட்டியைப் பாருங்கோ

சப்வூஃபர் வாங்குவது எண்டு கதை தொடங்கினாலே எங்களுக்குள் இரண்டு கட்சி. படம் பார்க்கிற ஆக்கள் அமெரிக்க எஸ்விஎஸ் பக்கம். பாட்டுக் கேட்கிற ஆக்கள் பிரித்தானிய ரெல் பக்கம். பல மாதச் சம்பளம் போகிற விசயம், சண்டை வரத்தான் செய்யும். ஆனால் கேள்வியே பிழை என்பதுதான் இப்போது எங்கள் கருத்து.

எஸ்விஎஸ்ஸே இரண்டு வகை செய்கிறது. பிபி வரிசை துளை வைத்த பெட்டி: பெரிசு, படத்தில் வரும் வெடிக்கும் இடிக்கும் ஆழமாக இறங்கும். எஸ்பி வரிசை மூடிய பெட்டி: சின்னன், பாட்டுக்கும் போதும். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பியே 41 ஹேர்ட்ஸ்தான். பாட்டு மட்டும் கேட்பவர் 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே போக ஏன் காசு கொட்ட வேணும்? ரெல்லின் பலம் வேறு. சப்வூஃபருக்கெண்டு தனி வழி இல்லாத பழைய ஸ்டீரியோ அம்ப்பிலும், ஸ்பீக்கர் வயர் பூட்டும் இடத்திலிருந்தே அதை இணைக்கலாம்.

இதையெல்லாம் விடப் பெரிசு, அறை. 40 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீற்றர். எங்கட அறைகளை விட நீளம். அதனால் ஒரே பெட்டி மூலையில் குமுறும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். பெட்டியை நீங்கள் இருக்கும் கதிரையில் வைத்து, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கோ. பேஸ் சீராகக் கேட்கிற இடமே பெட்டிக்குரிய இடம். சிரிப்பார்கள், பரவாயில்லை. எந்தக் கொம்பனியும் விற்காத வித்தை இது, செலவும் இல்லை.

பக்கத்து வீட்டுச் சுவரையும் ஒருக்கால் நினையுங்கோ. பேஸுக்குச் சுவர் பெரிய தடையில்லை.