முகம் எழுதப் பழகுவோர்க்கு

பிறர் எழுதிய படத்தைப் பார்த்து எழுதுவது கற்பனை வறண்டவர்களின் காரியம் என்னும் அபிப்பிராயம் சித்திரக்கலை பயிலும் இளைஞர்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. நான் அதை அடியோடு மறுக்கிறேன். அதிலும், தைல வர்ணத்தில் மனித முகத்தை எழுத விரும்புகிறவன், பழைய மேதை ஒருவரின் படத்தைப் பொறுமையோடு பிரதி செய்து பாராமல் அந்த வித்தையின் சூட்சுமத்தை அறிவது மிகக் கடினம்.

ரூபன்ஸ் 1628-ல் ராஜதந்திர காரியமாக மாட்ரிட் சென்றபோது அவருக்கு வயது 51. ஐரோப்பிய அரசவைகள் பலவும் அவருடைய படங்களை விரும்பி வாங்கிய காலம் அது. அத்தகையவர், ஸ்பெயின் மன்னரின் அரண்மனையிலிருந்த டிஷியனின் சித்திரங்களை எதிரே வைத்துக்கொண்டு, மாணாக்கனைப் போலப் பிரதி செய்தார். புகழ் முற்றிய பிறகும் அவருக்குத் தேவைப்பட்ட அப்பியாசம், நேற்றுத் தூரிகை பிடித்தவனுக்கு வேண்டாமென்று எவ்வாறு சொல்வது?

ஹாலந்தின் ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் காட்சிசாலையில், வெர்மீர் 1665 வாக்கில் எழுதிய, முத்துத் தோடணிந்த பெண்ணின் படம் இருக்கிறது. பார்க்கிறவனுக்கு அந்தத் தோடு முழு முத்தாகத் தோன்றும். எழுதப் புகுந்தவனுக்கோ, மேலே அழுத்தமான ஒரு வெள்ளைத் தீற்றலும், கீழே வெண்கழுத்துப்பட்டையின் ஒளியை வாங்கிய மெல்லிய சாயலுமே அகப்படும். காதில் மாட்டும் கொக்கிகூடக் கிடையாது. மூக்குத்தண்டுக்கும் அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவே எல்லைக்கோடும் இல்லை. கோடிட்டே முகம் எழுதிப் பழகிய கை அந்த இடத்தில் திகைத்து நின்று, அதன் பின்னரே ஒளியையும் நிழலையும் கொண்டு உருவத்தைத் திரட்டக் கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடத்தை எந்தப் புஸ்தகமும் இவ்வளவு உறுதியாகப் புகட்டாது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பிரதியால் பயனில்லை. அந்தப் படத்தை 2018-ல் விஞ்ஞான முறையில் பரிசோதித்தபோது, இன்று இருண்டு கிடக்கும் பின்னணி ஒரு காலத்தில் பச்சைத் திரையாக எழுதப்பட்டது என்று தெரியவந்தது. ஆகையால் அங்கே வெறும் கறுப்பைப் பூசுகிறவன், காலம் விளைத்த சிதைவையே வெர்மீரின் எண்ணமாகக் கொள்கிறான். பழைய வார்னிஷின் மஞ்சளும் இவ்வாறே ஏமாற்றும். மேலுக்குத் தெரியும் நிறத்தைக் கலந்து ஒரே பூச்சில் முடிக்காமல், மண்நிறத்தால் அடிப்பூச்சிட்டு, அது உலர்ந்தபின் எண்ணெய் மிகுந்த வர்ணங்களைப் படலம் படலமாக ஏற்றிச் செல்வதே அம்மேதைகள் பலரின் மார்க்கம்.

இவ்வாறு பிரதி செய்வது போலிப் படங்களுக்கு வழிகோலும் என்ற ஆட்சேபத்துக்குப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் நெடுங்காலத்துக்கு முன்பே பரிகாரம் கண்டுவிட்டது: அங்கே அமர்ந்து எழுதுவோரின் பிரதி, மூலத்தின் அளவிலேயே இருக்கலாகாது.

நம் ஓவியக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலாண்டு மாணவனைச் சுயமாக எழுதச் சொல்லுமுன், ஒரே ஒரு முகத்தை அடிப்பூச்சு முதல் முழுமையாகப் பிரதி செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும், கான்வாஸின் பின்புறத்தில் மூலத்தை எழுதியவரின் பெயரையும் தன் பெயரையும் தெளிவாகக் குறிக்கச் செய்யுங்கள்.