பக்கத்துக் கோட்டுத் தோழன்

தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1965ல் சிங்கப்பூரும் மலேசியாவும் பிரிந்தன. ஆனாலும் மலேசிய ரயில் 2011 வரை அங்கிருந்துதான் புறப்பட்டது. நாடு பிரிந்தால் மனிதரும் பிரிய வேண்டியதில்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இரண்டு தமிழ் ஓட்டக்காரர்கள்!

சி. குணாளனும் எம். ஜெகதீசனும் 1964ல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு ஒரே மலேசியக் கொடியின் கீழ் சென்றவர்கள். 1966 டிசம்பரில், பாங்காக் ஆசிய விளையாட்டின் நூறு மீட்டர் ஓட்டத்தில், இரு நாடுகளின் போட்டியாளர்களாக நின்றார்கள். இருவருக்கும் 10.5 வினாடி. புகைப்படத்தைப் பார்த்தே தங்கம் மலேசியாவின் ஜெகதீசனுக்கு, வெள்ளி சிங்கப்பூரின் குணாளனுக்கு என்று தீர்த்தார்கள். மயிரிழை வித்தியாசம்! நம்மில் சிலர் என்றால் முகம் கொடுத்தே பேசியிருக்க மாட்டோம். அவர்களுக்குள் நட்பு குலையவில்லை.

1968ல் மெக்சிகோவில் குணாளன் நூறு மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார்; ஜெகதீசன் இருநூறு மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். முன்னது சிங்கப்பூரில் 33 ஆண்டுகளும், பின்னது மலேசியாவில் 49 ஆண்டுகளும் தேசியச் சாதனையாக நிலைத்தன.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பக்கத்துக் கோட்டில் ஓடுகிறவன் பகைவன் அல்ல. அவன் இல்லாவிட்டால் நம் காலுக்கு இத்தனை வேகம் ஏது?